ஞானப்பூவுக்கு வலி இல்லை

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அந்தப் பையைத் தூக்கி மேல வைங்க, இல்லன்னா சீட்டுக்கு அடியில தள்ளுங்க. மடியில வச்சுக்கிட்டுத் தூத்துக்குடி வரைக்கும் போகமுடியுமா? நான் பாத்தியளா, ஏறினதும் டயருக்கு மேல உள்ள சீட்டை விட்டுட்டு நடுவுல வந்து உக்காந்துட்டேன். ஆயுசு பூரா பஸ்ஸுக்குள்ள நின்னவன்லா. கண்டக்டர். கவர்மெண்ட் பஸ்ல. ரிட்டையர் ஆகி வருஷக்கணக்காச்சு, ஆனா டபுள் விசில் கேட்டா இன்னும் கை தன்னால கம்பியைத் தேடும்.

இந்தப் பயலைப் பாருங்க. டிக்கெட் குடுக்கான், ஆளு மூஞ்சியைப் பாக்கானா? மெஷினைப் பாத்துக்கிட்டே போறான். நாங்க அப்படி இல்ல. ஒருத்தன் படியில கால வைக்கும்போதே சொல்லிருவேன், இவன் கோர்ட்டுக்குப் போறான், இவ புருஷன்கிட்ட கோவிச்சுக்கிட்டுத் தாய்வீட்டுக்குப் போறா, இவரு பெரியாஸ்பத்திரிக்குப் போறாருன்னு. தப்பவே தப்பாது. எபனேசர் கண்டக்டர் கண்ணுக்குத் தப்பி ஒரு மூஞ்சி போகாதுன்னு டிப்போவிலேயே பேச்சு.

நான் எதுக்குக் கோவில்பட்டி வந்தேன்னு நீங்க கேக்கல. கேக்காட்டா என்ன, நானே சொல்லுதேன். வீட்டில பேசுததுக்கு ஆள் இல்ல. பஸ்ஸிலயாவது பேசணும்லா.

எனக்கு எம் பொண்டாட்டி மேல கோவம் தம்பி. ஞானப்பூன்னு பேரு. செத்துப்போனா. எங்க ஆளுக செத்துப்போனான்னு சொல்லமாட்டோம், கர்த்தருக்குள்ள தூங்கிட்டான்னுதான் சொல்லுவோம். செத்தவ மேல கோவப்படக்கூடாதும்பாங்க. சரி, இவ தூங்கத்தான செய்யா, தூங்குதவ மேல கோவப்படலாம்லா? இல்லைன்னு யாரு சொல்லமுடியும்? நான் கோவப்படுதேன்.

எதுக்குன்னு கேளுங்க. கட்டின புருஷன் நான், கல்லுக்குண்டு மாதிரி வீட்டுக்குள்ள இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் போய்ச் சொல்லியிருக்கா. வேத்து ஆள்கிட்ட! ரத்தசம்பந்தம் இல்ல, சாதிசனம் இல்ல, சபையும் இல்ல. மாரித்தங்கம்னு பேரு. அம்மன் கோயிலுக்கு மஞ்சத் தண்ணி எடுக்கிறவ. அவகிட்டப் போய்ச் சொல்லியிருக்கா.

இருங்க. மொதல்ல இருந்து வாரேன். நடுவுல ஏறினா ஒண்ணும் வெளங்காது.

எங்க ஊரு சாயர்புரம் தாண்டி. சின்ன ஊரு, பெரிய கோயில். கோயில்னா சர்ச்சுதான், நாங்க கோயில்னுதான் சொல்லுவோம். போதகரை ஐயர்னு சொல்லுவோம், நீங்க வேற ஐயரை நினைச்சிராதீங்க. ஒரே மக பெங்களூர்ல இருக்கா, வேலை, புள்ளைக, வந்துட்டு வந்துட்டுப் போவா. வீட்டில நானும் ஞானப்பூவும்தான். அவ அதிகம் பேசமாட்டா. நான்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன். கல்யாணமான புதுசுல ஒருநாள் சொன்னா, உங்களுக்கு எதுத்தாப்ல உக்காந்திருந்தா போதும், பஸ்ஸில போற மாதிரி இருக்குன்னு. நான் அதைப் பெருமையாத்தான் எடுத்துக்கிட்டேன்.

போன வருஷம் வேனல்ல அவளுக்கு வயித்துக்குள்ள கட்டின்னு டாக்டர் சொல்லிட்டார். அந்த நோய்க்கு ஒரு பேரு இருக்கு, நான் சொல்லமாட்டேன். எங்க வீட்டில அந்தப் பேரைச் சொல்லவே விடல. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, முத்திப்போச்சு ஐயா, கத்தி வச்சாலும் பிரயோசனம் இல்ல, வலி தெரியாம இருக்க மாத்திரை தாரேன், சந்தோசமா வச்சுக்கிடுங்கன்னார். எனக்கு வந்த கோவத்தைப் பாக்கணுமே! நீர் சொல்லுததுக்கு மேல ஒரு டாக்டர் இருக்காருவே, அவர் இன்னும் எழுதித் தரலன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். வெளிய வந்து ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன், அது வேற விஷயம். அவ இல்லாம ஒரு வீடா? எனக்கு என் சட்டை எந்த அலமாரியில இருக்குன்னே தெரியாது தம்பி.

அவ பெஞ்சில உக்காந்திருந்தா. என்ன சொன்னாருன்னு கேட்டா. ஒண்ணுமில்ல, ஆண்டவர் பாத்துக்கிடுவாருன்னேன். அவ என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, சரின்னா.

அன்னையிலேர்ந்து தினமும் சாயங்காலம் நான் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணுவேன். ஐயர் ஜெபிச்சுக் குடுத்த எண்ணெய். அவ படுத்துக்கிடுவா, நான் வயித்தில தடவி, கட்டியே, கரைஞ்சு போன்னு அதட்டுவேன். அதட்டிட்டு, எப்படி இருக்குன்னு கேப்பேன். மொத ஒரு மாசம், வலிக்குங்கன்னு சொல்லுவா. அப்படிச் சொல்லாத, வாய் வார்த்தைக்கு பலம் இருக்கு, வலி போயிட்டுன்னு சொல்லுன்னு சொல்லிக்குடுப்பேன். சின்னப் புள்ளைக்குச் சொல்லிக்குடுக்கிற மாதிரி.

எங்க கோயில்ல வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடக்கும். பட்டினியா இருந்து ஜெபிக்கிறது. முடியிறதுக்கு முன்னால ஐயர், யாராவது சாட்சி சொல்லணுமாம்பாரு. அவங்கவங்க எந்திச்சு, மகனுக்கு வேலை கிடைச்சுது, பசு கன்னு போட்டுதுன்னு ஆண்டவர் செஞ்ச நன்மையைச் சொல்லுவாங்க. அதுல ஒரு ரகம் இருக்கு தம்பி, விசுவாசச் சாட்சின்னு. கிடைக்கிறதுக்கு முன்னாலயே கிடைச்சாச்சுன்னு சொல்லி நன்றி சொல்லுறது. டிக்கெட் வாங்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரின்னு வைங்களேன். பஸ் வரும்கிற நம்பிக்கையிலதான வாங்குதோம்?

நான் எந்திச்சேன். பெண்கள் பக்கம் அவ முக்காடு போட்டு உக்காந்திருந்தா. நான் எல்லாருக்கும் முன்னால சத்தமாச் சொன்னேன், இன்னையிலிருந்து என் மனைவி ஞானப்பூவுக்கு வலி இல்லைன்னு. அப்பப்பா! ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு கோயில் குலுங்கிச்சு. ஐயர் அவளை எந்திக்கச் சொன்னாரு. அவ முன்னால இருந்த பெஞ்சைப் பிடிச்சு மெதுவா எந்திச்சா. உண்மைதானம்மான்னு கேட்டாரு. அவ என்னைப் பாத்தா. நான் தலையை ஆட்டினேன். அவளும் ஆட்டினா.

கேளுங்க, இதுதான் அற்புதம். அன்னைக்குப் பிறகு வலின்னு ஒரு வார்த்தை அவ வாயிலருந்து வரல. ஒரு தடவை கூட இல்ல. எண்ணெய் தடவிட்டு எப்படி இருக்குன்னு கேப்பேன், நல்லா இருக்குங்கம்பா. மாத்திரையை அவளே வேண்டாம்னுட்டா. வலி இல்லாதவளுக்கு மாத்திரை எதுக்குன்னு அவளே சொன்னா, நான் சொல்லல. நான் அந்த மாத்திரை டப்பாவைத் தூக்கிப் பரண்ல போட்டேன்.

இந்தச் சாட்சி பக்கத்து ஊருகளுக்கெல்லாம் பரவிட்டு. வந்து சொல்லுங்க, வந்து சொல்லுங்கன்னு கூப்பிட்டாங்க. ஒருத்தன் போன்ல படம் பிடிச்சு எல்லாருக்கும் அனுப்பிட்டான். சிங்கப்பூர்ல இருந்து ஒரு அம்மா போன் பண்ணி அழுதா. நான் போற இடமெல்லாம் அவளையும் கூட்டிட்டுப் போனேன். ஆட்டோவில ஏறும்போது மட்டும் பல்லைக் கடிச்சுக்கிடுவா. மத்தபடி ஒரு குறையும் இல்ல. ராத்திரி படுக்கையில எந்திச்சு உக்காந்தே இருப்பா. என்னன்னு கேட்டா, ஜெபம் பண்ணுதேன், நீங்க தூங்குங்கம்பா. நான் அதையும் சாட்சியாச் சொன்னேன், என் மனைவி விடிய விடிய உக்காந்து ஜெபிக்கான்னு. ஸ்தோத்திரம்னாங்க.

மத்தியானம் நான் சாப்பிட்டுக் கண்ணசந்ததும் மாரித்தங்கம் வீட்டுக்குப் போயிருவா. எங்க போனன்னா, பூக் கட்டப் போனேன்பா. எங்க வீட்டில பூ வைக்கிற வழக்கமே கிடையாது. எனக்கு அது அப்ப உறைக்கல பாத்துக்கிடுங்க. போயிட்டு வந்தா முகம் கழுவியிருக்கும், தெளிவா இருப்பா. சரி, பொம்பளைக பேசிட்டு வாராளுகன்னு விட்டுட்டேன்.

தை கடைசியில போயிட்டா. காலையில கஞ்சி குடுக்கேன், வாயில வாங்கினா, முழுங்கல. அவ்வளவுதான்.

நான் அழல தம்பி. விசுவாசக் குடும்பத்தில அழக்கூடாது. மகளும் அவ புருஷனும் பெங்களூர்ல இருந்து வந்து எறங்கினாங்க, மக அப்பான்னு என் மேல விழுந்தா. நான் அவ தோளைப் பிடிச்சு நிமுத்தி, அம்மா ஜெயமாப் போயிருக்கா, அழாதன்னுட்டேன். அவ கண்ணைத் தொடச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. பெட்டியைச் சுத்தி எல்லாரும் பாட்டுப் படிச்சாங்க. வந்தவங்க எல்லாம், எப்படிப்பட்ட விசுவாசம்யான்னு என் கையைப் பிடிச்சாங்க. எல்லாம் முறையா நடந்துக்கிட்டு இருந்துச்சு.

அப்பதான் மாரித்தங்கம் வந்தா. தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு, தெருவுல இருந்தே மாருல அடிச்சுக்கிட்டு வாரா. வந்து பெட்டி மேல விழுந்தா. பாட்டுப் படிச்சவங்க நிறுத்திட்டாங்க. ஒப்பாரி வைக்கா தம்பி! எங்க வீட்டில!

“எந்தாயி, சுவரைப் பிடிச்சு நிப்பியே, என் சேலையைக் கடிச்சு அழுவியே, வீட்டுல சொல்லாத நோவெல்லாம் எங்கிட்ட வந்து எறக்குவியே, இனி யாருகிட்டப் போய் எறக்குவ?”

அப்படியே சொன்னா. ஊரு பூராக் கேட்டுக்கிட்டு நிக்கி. ஐயர் என் மூஞ்சியைப் பாத்தாரு. நான் போய் அவ கையைப் பிடிச்சுத் தூக்கி, “இங்க ஒப்பாரி வைக்கக்கூடாது, இது ஜெய வீடு, எந்திச்சுப் போ”ன்னு சொன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. முந்தானையால மூக்கைத் தொடச்சிட்டு, ஞானப்பூ காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போயிட்டா. அடுத்த மாசம் மகன்கூட கோவில்பட்டிக்கே வந்துட்டா. அவன் இங்க தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கான்.

அடக்கம் முடிஞ்சுது. மக ஒரு வாரம் இருந்தா, கூட வந்திருங்கப்பான்னா. கல்லறை இங்க இருக்கு, நான் எங்கம்மா வர? போயிட்டா. அதுக்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால தாங்கமுடியல. கோயிலுக்குப் போறேன், எப்பவும் போல மூணாவது பெஞ்சில உக்காருதேன். என் பக்கத்தில உக்காந்திருந்த ஆளு, காத்து வரலன்னு சன்னல் பக்கம் போயிட்டாரு. வெளிய நின்னு பேசிக்கிட்டு இருப்பாங்க, நான் கிட்டப் போனா, சரி சரி, வாரோம்னு கலைஞ்சிருவாங்க. சாட்சி நேரம் வரும், நான் எந்திக்கப் பாப்பேன், ஐயர் நேரமாச்சுன்னு முடிச்சிருவாரு. ஒவ்வொரு வெள்ளியும் நேரமாயிரும் அவருக்கு! பொறாமை தம்பி, வேற என்ன? சிங்கப்பூர் வரைக்கும் போன சாட்சில்லா.

வீட்டுக்கு வந்தா, நான் வச்ச சோறு, நான் வச்ச ரசம். ரசமா அது, சுடுதண்ணி. டிவியைப் போட்டா பாட்டாப் படிக்கான், அமத்திட்டா அதை விடக் கஷ்டமா இருக்கு. நான் பேச, எதுத்தாப்ல கேக்க ஆள் இல்ல. செல நேரம் நானே, புளியம்பட்டி, புளியம்பட்டி எறங்குன்னு சத்தம் குடுப்பேன். என் குரல் இருக்கான்னு பாக்கிறதுக்குத்தான்.

ஆனா அது இல்ல விஷயம். மாரித்தங்கம் அன்னைக்குச் சொன்னது எனக்குள்ள போய்க் குத்திக்கிட்டு நிக்கி. வீட்டுல சொல்லாத நோவெல்லாம்னு சொன்னாளா? அப்ப வலி இருந்திருக்கு. எங்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டு அங்க போய் அழுதிருக்கா. அழுதான்னா விசுவாசம் விட்டுப்போச்சுன்னுதான அர்த்தம்? சந்தேகப்பட்டாத்தான அழுகை வரும்? சந்தேகத்தோட செத்திருந்தா அவ எங்க போயிருப்பா? நாளைக்கு நான் கண்ணை மூடி அங்க போய்ச் சேருதேன்னு வைங்க. வாசல்ல நின்னு தேடுதேன். அவ அங்க இல்லைன்னா? இது பயம் தம்பி. சோத்துக்கோ துணிக்கோ நான் பயப்படல. அவளைத் திரும்பப் பாப்பனா மாட்டனான்னு இருக்குல்லா, அந்தப் பயம். படுத்தா தூக்கம் இல்ல.

ஐயர்கிட்டக் கேட்டேன். அழுது முறையிட்டுக்கிட்டே செத்தவங்க எங்க போவாங்கன்னு கேட்டேன். யாரைப் பத்திக் கேக்கீங்கன்னாரு. சும்மா பொதுவாத்தான்னேன். வாங்க உக்காந்து பேசுவோம்னாரு. எனக்கு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு, ஆமா இல்லைன்னு சொல்லவேண்டியதுதானன்னு வந்துட்டேன். சவம், யாருக்கும் நேராப் பதில் சொல்லத் தெரியல.

அதான் இன்னைக்கு விடியக்காலம் பஸ் ஏறினேன். தெரிஞ்சவ ஒருத்திதான இருக்கா.

வீட்டைக் கண்டுபிடிச்சுப் போனா, மாரித்தங்கம் தரையில கடலைமிட்டாய் மலை மாதிரிக் குவிச்சுப் போட்டுப் பாக்கெட் போட்டுக்கிட்டு இருக்கா. கம்பெனியில இருந்து வீட்டுக்குக் குடுத்து விடுவாங்களாம். என்னைப் பாத்ததும் கையை உதறிக்கிட்டு எந்திச்சா. வாங்க அண்ணாச்சின்னா. விரட்டி விட்டவனை வாங்கன்னு சொல்லுதா பாருங்க. நாற்காலியை எடுத்துப் போட்டா, தண்ணி குடுத்தா, இளைச்சுப்போனியளேன்னா. எனக்குப் பேச்சு வரல. எனக்கு!

அப்புறம் கேட்டேன். ஞானப்பூ உங்கிட்ட என்னதான் சொன்னா தாயின்னு.

“அது எதுக்கு அண்ணாச்சி இப்ப? யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு அக்காவுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அன்னைக்கு என்னை மீறி வாயில வந்துட்டு. அதுக்கே நான் அக்கா காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன்.”

“எனக்குத் தெரிஞ்சாகணும் தாயி. அவ ஆண்டவரை விட்டுட்டாளா? அதை மட்டும் சொல்லு.”

அவளுக்கு நான் கேக்கிறதே வெளங்கல. “விடவா? யாரு, அக்காவா?”ன்னு கேட்டா. கேட்டுட்டு ஒரு மிட்டாய் பாக்கெட்டை எடுத்து, ஒட்டி, கீழ வச்சுட்டு சொன்னா.

“அக்கா வந்ததும் மாத்திரை போடும். நான்தான் வாங்கி எங்க அடுக்களையில மஞ்சப்பொடி டப்பாவுக்குப் பின்னால வச்சிருந்தேன். மாத்திரை கேட்டு வலி அடங்குற வரைக்கும் அக்கா சுவரைப் பிடிச்சு நிக்கும். நின்னுக்கிட்டு உங்க சாமியைத் திட்டும் பாருங்க! கண்ணு அவிஞ்சுபோச்சா உமக்கு, காது இல்லையா, இரக்கம் இல்லையா, நான் உமக்கு என்ன செஞ்சேன்னு கேக்கும். சொத்துல பங்கு தராத அப்பன்கிட்ட மக சண்டை போடுவா பாருங்க, அந்த மாதிரி. சாமியை இப்படிப் பேசலாமாக்கான்னு கேட்டேன். அவர்கிட்டதான் மாரி பேசமுடியும்னுச்சு. அப்புறம் வேதத்தை எங்கிட்டக் குடுக்கும். அதுக்கு வலியில எழுத்து ஓடாதுல்லா, நான் எட்டாவது வரை படிச்சவதான, எழுத்துக் கூட்டி வாசிப்பேன். சந்தோசமா உள்ளது வேண்டாம்னுரும். அதுல நொந்துபோய் அழுகிற ஆளுக இருக்காங்களே, அந்தப் பக்கமாப் பாத்து வாசிக்கச் சொல்லும். எத்தனை பேர் அழுதிருக்காங்க அண்ணாச்சி உங்க வேதத்தில! எனக்குத் தெரியவே தெரியாது. கேட்டுக்கிட்டே அக்காவும் அழும், நானும் அழுவேன். முடிஞ்சதும் முகத்தைக் கழுவிக்கிட்டு, சரி, கேட்டுட்டாரு, போதும்னு சொல்லித் தலையை முடிஞ்சுக்கிட்டுக் கிளம்பிரும்.”

அம்மாடி. நான் வேதத்தில ஜெயமான வசனத்துக்கெல்லாம் செவப்புக் கோடு போட்டு வச்சிருந்தேன் அவளுக்குன்னு. அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கா.

“கடைசியா வந்த அன்னைக்கு?”ன்னு கேட்டேன்.

“அன்னைக்குத் திட்டல. சாயமுடியாமச் சாஞ்சுக்கிட்டு, பயமில்ல மாரி, அவர் கையிலதான் போறேன்னுச்சு. சண்டை போட்டாச்சு, அவர் கையை விடலன்னுச்சு.”

கேட்டியளா தம்பி? கையை விடல! விசுவாசத்தோடதான் போயிருக்கா! எனக்கு அந்த இடத்திலேயே எந்திச்சு ஸ்தோத்திரம்னு சத்தம் போடணும் போல இருந்துச்சு. எத்தனை மாசத்துப் பாரம்! அவ அங்கதான் இருக்கா, நான் போனாப் பாப்பேன். மனசு அப்படியே லேசாயிட்டு. அதோட நான் எந்திச்சு வந்திருக்கணும். வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்காதுல்லா, கேட்டுட்டேன்.

“அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன அந்நியனா? நான் திட்டியிருப்பனா அவளை?”

மாரித்தங்கம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. “வேண்டாம் அண்ணாச்சி”ன்னா. நான் விடல. சொல்லுன்னேன்.

“நானும் அதைக் கேட்டேன். கேட்டதுக்கு அக்கா, ஆண்டவர்கிட்ட அழுதா அவர் தாங்குவாரு மாரி, இவிய தாங்கமாட்டாவன்னுச்சு.”

எப்படி இருக்கு? தாங்கமாட்டாவளாம். நான்! ஓடுற பஸ்ஸில ரவுடிப் பயலைக் காலரைப் பிடிச்சு எறக்கி விட்டவன் நான். எங்க அய்யா செத்தப்ப, எங்க அம்மா செத்தப்ப, கல்லு மாதிரி நின்னவன். அவளுக்குத் தெரியாதா? என்னை என்னன்னு நினைச்சா அவ? எனக்கு ஆங்காரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. சரி போ, எங்கதான் வலிச்சுதாம் உங்க அக்காவுக்குன்னு கேட்டேன். கோவத்திலதான் கேட்டேன்.

அவ எந்திச்சு வந்தா. எனக்குப் பின்னால நின்னா. கூடப் பொறந்தவ மாதிரி, நடு முதுகுக்குக் கொஞ்சம் எடப்பக்கம், விலாவும் முதுகும் சேருற எடத்தில, ஒரு வெரலை வச்சா.

“இங்க அண்ணாச்சி. எப்பவும் இங்கதான். வயித்தில வலியே இல்லன்னுச்சு அக்கா.”

தம்பி, நான் வயித்தில தடவிக்கிட்டு இருந்தேன். மாசக்கணக்கா. தினமும் எண்ணெயை எடுத்து, அவளை மல்லாக்கப் படுக்க வச்சு. அந்த முதுகு மேலதான படுத்திருக்கா அவ? நான் கட்டியை அதட்டி முடிக்கிற வரைக்கும் அந்த முதுகை அமுக்கிக்கிட்டுப் படுத்திருந்துட்டு, நல்லா இருக்குங்கன்னு சொல்லியிருக்கா.

மாரித்தங்கம் திரும்பப் போய்க் கீழ உக்காந்தா. அப்புறம் நான் சொன்னேன், தாயி, அன்னைக்கு நான் ஒப்பாரி வைக்க விடலல்லா, இப்ப வைன்னேன். எனக்குக் கேக்கணும் போல இருக்குன்னேன்.

அவ பதறிப்போயிட்டா. “ஐயய்யோ, ஆளு நல்லா இருக்கிற வீட்டில ஒப்பாரி வைக்கக்கூடாது அண்ணாச்சி, மருமக மாசமா இருக்கா. நீங்க அழுங்க. மனுசன் அழுதா ஒண்ணும் ஆயிராது.”

“எப்படித் தாயி ஆரம்பிக்கணும்?”னு கேட்டேன்.

சிரிக்காதீங்க தம்பி. நிஜமாத்தான் கேட்டேன். எனக்குத் தெரியல. ஜெபம்னா ஸ்தோத்திரத்தில ஆரம்பிக்கணும்னு தெரியும். சாட்சின்னா எந்திச்சு நின்னு ஆரம்பிக்கணும்னு தெரியும். இதை எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

அவ யோசிச்சா. யோசிச்சுட்டு, “அக்கா மொதல்ல சாமியைத் திட்டும், அப்புறம்தான் கண்ணீர் வரும்”னா.

நான் எப்படித் தம்பி அவரைத் திட்ட? ஊரு ஊராப் போய் அவருக்காகப் பேசினவன். மாரித்தங்கம் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினா, ஒரு பாக்கெட் மிட்டாயைப் பையில திணிச்சா. நடந்தே பஸ் ஸ்டாண்டு வந்தேன். தூத்துக்குடி பஸ்ஸு ஒண்ணு போச்சு, நான் ஏறல. அடுத்தது வந்துச்சு, அதுலயும் ஏறல. சிமெண்டுப் பெஞ்சில உக்காந்துக்கிட்டு வாயைத் திறக்கேன், மூடுதேன். ஸ்தோத்திரம்னுதான் வருது. பழகின வாய்ல்லா. அதை முழுங்கினேன்.

முழுங்கிட்டு, கண்ணைத் திறந்துக்கிட்டே அவர்கிட்டச் சொன்னேன். அவளுக்கு முதுகுலதான வலிச்சுதுன்னேன். உமக்குத் தெரியும்லா, தினமும் அவ வந்து சொன்னாளே, மாரித்தங்கத்துக்குத் தெரியும், அந்த மஞ்சப்பொடி டப்பாவுக்குத் தெரியும். நான் உம்ம பேரைச் சொல்லி வயித்தில தடவுதேன், நீர் பாத்துக்கிட்டு இருக்கீரு. கொஞ்சம் கையைத் தள்ளி வையிடான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நான் முதுகுல தடவியிருப்பேனே. ராத்திரி பூரா உக்காந்து தடவியிருப்பேனே. என் கை என்ன செஞ்சுது உமக்கு?

சத்தமாச் சொல்லிட்டேன் போல. பூக்காரி திரும்பிப் பாத்தா, பெஞ்சில இருந்த ஆளுக ரெண்டு பேரு எந்திச்சு அங்கிட்டுப் போயிட்டாங்க. போகட்டும். பொறாமைன்னு சொல்லமுடியாது இவங்களை, யாருன்னே தெரியாது. நான் உக்காந்திருந்தேன். மூக்கு ஒழுகுது, கண்ணு ஒழுகுது, வேட்டி நுனியால தொடைக்கேன், திரும்ப வருது. அந்தப் பெஞ்சில எனக்குப் பக்கத்தில வெறும் எடம். இத்தனை மாசமா வீட்டிலயும் கோயில்லயும் இருக்கே அதே வெறும் எடம்தான். ஆனா ஒண்ணு சொல்லுதேன் தம்பி. சாட்சியா இதை எடுத்துக்கிடாதீங்க, சாட்சி சொல்லத் தெம்பு இல்ல எனக்கு. அவரை நான் அவ்வளவு பேசியும், அவர் எந்திச்சுப் போயிரல.